அடுப்பை அணைத்த பிறகு வேகும் சோறு

தளதளவென்று கொதிக்கிற உலையும், தீயைத் தணித்து சிம்மில் வைத்த உலையும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் அந்தச் சூடு 100 டிகிரி செல்சியஸ். அடுப்பை எவ்வளவு தூண்டிவிட்டாலும் சாதாரணப் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் அந்த எல்லையைத் தாண்டாது. கூடுதலாகக் கொடுக்கிற நெருப்பெல்லாம் தண்ணீரை ஆவியாக்கப் போகிறது. சோறு அதனால் சீக்கிரம் வெந்துவிடுவதில்லை, சமையலறைதான் புழுங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதிநிலைக்கு வந்த அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்கவோ 2,257 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஆகவே கொதிக்கிற பாத்திரத்திலிருந்து 130 மில்லி, அதாவது ஒரு சின்ன டம்ளர் தண்ணீர், ஆவியாகப் போனாலே ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்த அவ்வளவு வெப்பமும் இன்னொரு முறை செலவாகிவிட்டது என்று பொருள்.

அரைக் கிலோ அரிசியை இரண்டரை லிட்டர் உலையில் போட்டு வடிக்கிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், அரிசி, பாத்திரம் மூன்றையும் கொதிநிலைக்குக் கொண்டுவர 825 கிலோஜூல் போதும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 46 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள அடுப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பாத்திரத்துக்குள் சேர்க்கும். ஆக 27 கிராம் எரிவாயுவில் கொதி வந்துவிடும். அதற்குப் பிறகு இருபது நிமிடம் அடுப்பு எரிகிறதே, அது பாத்திரத்தின் மேனியிலிருந்து வெளியேறும் சூட்டை ஈடுகட்டுவதற்கும் ஆவியை விரட்டுவதற்கும் மட்டும்தான். அந்த நேரத்தில் 300 மில்லி ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்கே இன்னொரு 22 கிராம் தேவை. அரிசி வேகும்போது உள்ளே நடக்கும் மாற்றத்துக்கென்று தனியாகச் செலவாகும் வெப்பம் இவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

அந்த மாற்றம் என்ன? அரிசிக்குள் மாவுச்சத்து சிறுசிறு மணிகளாக இறுகிக் கிடக்கிறது. தண்ணீரோடு சேர்ந்து சூடேறும்போது, அரிசியின் ரகத்தைப் பொறுத்து 60 முதல் 80 டிகிரிக்குள், அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, கட்டு தளர்ந்து குழைகின்றன. அதற்கு வேண்டியது போதிய சூடும் போதிய நேரமும். 100 டிகிரி கட்டாயமில்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அங்கும் சோறு வேகத்தான் செய்கிறது, கொஞ்சம் தாமதமாக. பருப்பு வகைகள் இந்த விஷயத்தில் பிடிவாதமானவை. அவற்றின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகிக் கொடுக்க 85 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நிற்க வேண்டும். மலையூர்களில் சோற்றைவிடப் பருப்பு அதிகம் படுத்துவது இதனால்தான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கொதி வந்த பாத்திரத்துக்கு அதன்பின் நெருப்பு தேவையில்லை என்பது தெரியும். உள்ளே போன சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்கான பெட்டி ஒன்றை மக்களிடம் கொண்டுசென்றது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் முண்டூரில் அதன் ஊரகத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அறிவியலை மலையாளத்தில் எழுதவும் பேசவும் வேண்டும் என்று 1962-ல் தொடங்கப்பட்ட அமைப்பு பரிஷத். அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில் முன்னால் நின்றது. 1996-ல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றது. மக்களிடம் அது கொண்டுசென்ற பொருள்களில் புகையைக் குறைக்கும் பரிஷத் அடுப்பு ஒன்று, சூடாறாப்பெட்டி இன்னொன்று. உட்புறம் தெர்மாகோல் பதித்த, இறுக மூடுகிற ஒரு பெட்டி. அவ்வளவுதான். சோற்றுப் பாத்திரம் நன்றாகக் கொதி வந்ததும், மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும். அடிப்பிடிக்காது, பொங்கி வழியாது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம். வால்வு, கேஸ்கட், பிளக், ஒயர் எதுவும் கிடையாது என்பதால் பழுதாகவும் எதுவும் கிடையாது.

கடையில்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பிரம்புக் கூடையோ மரப்பெட்டியோ பெரிய அட்டைப்பெட்டியோ எடுத்துக்கொள்ளலாம். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு உமியைத் துணிப்பையில் அடைத்துப் பரப்ப வேண்டும். நடுவில் பாத்திரம் உட்கார இடம் விட்டு, சுற்றிலும் வைக்கோலையோ பழைய பருத்திச் சேலைகளையோ திணிக்க வேண்டும். பாத்திரத்தை உள்ளே இறக்கியதும் மூடியின்மேல் ஒரு தலையணையை அழுத்தி வைத்து, அதற்கும் மேல் பெட்டியின் மூடி. பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் வேலை செய்வது உமியும் வைக்கோலும் அல்ல, அவற்றுக்கு இடையில் மாட்டிக்கொண்ட காற்று. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ 9,000-ல் ஒரு பங்கைத்தான் அசையாத காற்று கடத்துகிறது. ஆனால் காற்றுக்கு ஓட இடம் கிடைத்துவிட்டால், சூடான காற்று மேலே எழ, குளிர்ந்த காற்று கீழே இறங்க, சூட்டைச் சுமந்துகொண்டு போய்விடும். உமி, பஞ்சு, கம்பளி, தெர்மாகோல் எல்லாமே காற்றை நகரவிடாமல் சின்னச் சின்னக் கூடுகளில் அடைத்து வைக்கிற பொருள்கள். இவற்றில் ஈரம் ஏறினால் அந்தக் கூடுகளில் தண்ணீர் புகுந்து, தடுக்கிற குணம் போய்விடும். பாத்திரத்தின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கும், பெட்டியை அவ்வப்போது வெயிலில் காயப்போட வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

பலன் எவ்வளவு? மூன்று கிலோ உணவு உள்ள பாத்திரத்தை மேடையில் அப்படியே வைத்தால், தொடக்கத்தில் அது 100 வாட்டுக்கு மேல் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். முதல் ஒரு மணி நேரத்திலேயே சூடு 25 டிகிரி இறங்கிவிடும். ஐந்து சென்டிமீட்டர் தெர்மாகோலால் எல்லாப் பக்கமும் மூடினால் இழப்பு 10 வாட் அளவுக்குச் சுருங்கும். மணிக்கு மூன்று டிகிரிதான் இறங்க வேண்டும். இது தாளில் போட்ட கணக்கு. மூடியின் இடுக்கு, திணித்ததில் விட்டுப்போன சந்து எல்லாம் சேர்ந்து நடைமுறையில் இழப்பு இரண்டு மூன்று மடங்காகலாம். அப்போதும் மூன்று மணி நேரம் கழித்து உணவு 70 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். சோற்றுக்கு அது தாராளம். பருப்பு, கடலை என்றால் முன்கூட்டியே ஊறவைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் அடுப்பிலேயே கொதிக்கவிட்ட பிறகு பெட்டிக்கு மாற்ற வேண்டும். பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருப்பது முக்கியம். அளவு கூடக்கூட உள்ளே இருக்கும் சூட்டின் கையிருப்பு வேகமாகக் கூடுகிறது, சூடு வெளியேறும் பரப்பு அந்த வேகத்தில் கூடுவதில்லை. இருவருக்குச் சமைக்கும் வீட்டைவிட இருநூறு பேருக்குச் சமைக்கும் விடுதிக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். சத்துணவுக் கூடங்களில் இதை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1867-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் நார்வேயைச் சேர்ந்த யோஹான் சோரன்சன் இப்படி ஒரு பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். உலகப் போர்களின்போது எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய பிரிட்டனில் வைக்கோல் பெட்டிச் சமையல் வீடுகளில் பரவியது. நம் நாட்டிலும் சூட்டைச் சிக்கனமாகக் கையாளும் சிந்தனை பழையது. கொல்கத்தா மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் 1910-ல் உருவாக்கிய ஐசிமிக் குக்கர், அடியில் கொஞ்சம் கரித்தணலை வைத்து, அடுக்குப் பாத்திரங்களில் ஒரு வேளைச் சாப்பாட்டையே மெதுவாக ஆக்கித் தந்தது. 2008-ல் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு வாட்டியபோது சாரா காலின்ஸ் என்பவர் தடித்த துணிப்பை வடிவில் இதே முறையை வொண்டர்பேக் என்ற பெயரில் கொண்டுவந்தார். தட்டுப்பாடு வரும்போதெல்லாம் இந்தப் பெட்டி நினைவுக்கு வருகிறது, எரிபொருள் தாராளமாகக் கிடைத்ததும் பரணுக்குப் போய்விடுகிறது. அதன் இயற்பியலில் குறை ஏதும் இல்லை. ஒருமுறை வாங்கினால் இருபது ஆண்டு உழைக்கும் ஒரு வைக்கோல் பெட்டியை விளம்பரம் செய்து விற்பதில் யாருக்கும் லாபம் இல்லை. எரிவாயுவின் விலையிலும் அது காற்றில் சேர்க்கும் கரிக்கான கணக்கு இல்லை.

விலையில் வராத இத்தகைய கணக்கை முன்பே போட்டவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. லண்டனில் கணக்காயராகப் பயிற்சி பெற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்கு உழைத்தவர். 1945-ல் வெளியான ‘நிலைத்த பொருளாதாரம்’ அவருடைய முக்கியமான நூல். நிலக்கரி, பெட்ரோலியம், கனிமங்கள் போன்றவற்றைத் தேங்கிக் கிடக்கும் இருப்பு என்றும், காடு, பயிர், ஓடும் நீர் போன்றவற்றை வந்துகொண்டே இருக்கும் வரத்து என்றும் அவர் பிரித்தார். இருப்பை நம்பிய வாழ்க்கை, அது தீரத்தீரச் சண்டையில்தான் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அவருடைய வழிகாட்டலில் வார்தாவில் உருவானது. ‘சிறியதே அழகு’ எழுதிய ஷூமாக்கர், பௌத்தப் பொருளாதாரம் பற்றிய தம் கட்டுரையில் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார். கடைசிக் காலத்தை மதுரைக்குத் தெற்கே தே.கல்லுப்பட்டியில் கழித்த இந்த மனிதரை இன்று நாம் போதுமான அளவு படிப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர் சொன்ன இருப்பை நம்பித்தான் இன்றும் இருக்கிறோம். இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. எங்கோ ஒரு கடல்வழியில் பதற்றம் என்றால் இங்கே சிலிண்டர் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

எளிய தொழில்நுட்பம் என்றதும் பழையபடி விறகடுப்புக்குத் திரும்பச் சொல்கிறார்களோ என்று சிலர் பதறுவார்கள். பதற்றம் நியாயமானது. உலகில் 200 கோடிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் விறகு, சாணம், கரி போன்றவற்றின் புகையில்தான் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் அந்தப் புகையால் 2020-ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஊதாங்குழலோடு அடுப்படியில் இருமிக்கொண்டிருந்த பெண்களின் வாழ்க்கையை இயற்கை வாழ்வு என்று யாராவது புகழ்ந்தால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. எரிவாயு அந்தப் பெண்களுக்குச் செய்தது பெரிய நன்மை. சூடாறாப்பெட்டி எரிவாயுவை வீட்டைவிட்டு விரட்டச் சொல்லவில்லை. எரிவாயு அடுப்போ இண்டக்‌ஷன் அடுப்போ எதுவானாலும் அதன் வேலை நேரத்தைப் பாதியாக்குகிறது. விறகில் சமைத்தே தீர வேண்டியவர்களுக்கு விறகு சுமக்கும் பாரமும் புகை குடிக்கும் நேரமும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆட்டுக்கல்லையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்கலாம். மின்சார கிரைண்டரை விட்டுவிட்டுக் கையால் மாவாட்டுவதுதான் புவிக்கு நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. கோயம்புத்தூர்க்காரர்கள் நாடெங்கும் அனுப்புகிற மேசை கிரைண்டரின் மோட்டார் 150 வாட் அளவில் இருக்கும். நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட், அதாவது 360 கிலோஜூல். அந்த மின்சாரத்துக்காக அனல் மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியையும் சேர்த்துக்கொண்டால் 1,000 கிலோஜூலைச் சற்றுத் தாண்டும். முன்னே பார்த்த சோற்றுப் பாத்திரத்திலிருந்து ஆவியை விரட்டுவதற்கென்றே எரிந்த 22 கிராம் எரிவாயுவில் இருந்த ஆற்றலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். நாலைந்து நாளைக்கு வேண்டிய இட்லி மாவை ஆட்டும் ஆற்றலை ஒரு வேளைச் சோற்றின் ஆவியில் விட்டுவிடுகிறோம். ஒரு பொருளைச் சுழற்றுவதற்கும் நகர்த்துவதற்கும் ஆகும் ஆற்றல் குறைவு, சூடாக்குவதற்கும் குளிர்விப்பதற்கும் ஆவதுதான் அதிகம். இதைக் கணக்குப் போடாமல் எளிமை என்று பேசினால், பெண்களின் தோளில் உழைப்பை ஏற்றிவிட்டு எரிபொருளை வழக்கம்போல வீணாக்கிக்கொண்டிருப்போம். கிரைண்டர் இருக்கட்டும். எளிமையாக்க வேண்டியது சூடும் குளிரும் கைமாறும் இடங்களைத்தான்.

குளிருக்கு மண்பானை இருக்கிறது. அடுப்பில் நமக்கு நஷ்டமாகிற அதே ஆவியாதல் பானையில் நமக்காக வேலை செய்கிறது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்பரப்பில் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நைஜீரியாவில் ஆசிரியராக இருந்த முகமது பா அபா, 1995-ல் ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, நடுவில் ஈர மணலை நிரப்பி, காய்கறி கெடாமல் வைக்கும் முறையை ஊர் ஊராகப் பரப்பினார். 2000-ல் அதற்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. அங்கே அது சிறப்பாகப் பலித்ததற்கு உலர்ந்த காற்றும் ஒரு காரணம். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஆவியாதல் மூலம் 21 டிகிரி வரை குளிர்விக்க இடமிருக்கிறது. 36 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும் கடற்கரை ஊரில் அந்த எல்லை 29 டிகிரியோடு நின்றுவிடும். மே மாதத்து வேலூரில் பானைத் தண்ணீர் தரும் சுகத்தைச் சென்னையில் எதிர்பார்க்க முடியாததன் காரணம் இதுதான். எளிய தொழில்நுட்பம் இடத்துக்கு இடம் மாறும். ஓர் ஊரில் பலித்ததை அப்படியே இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் பெட்டி தரும் மிச்சம் எவ்வளவு? வேளைக்கு 22 கிராம், தினம் இரண்டு வேளை என்றால் ஆண்டுக்கு 16 கிலோ. ஒரு வீட்டுக்கு ஒரு சிலிண்டருக்கும் சற்று மேல். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடு உருவாகும் என்பதால் அதில் 48 கிலோ குறையும். குக்கரில் சமைப்பவர்கள் ஆவியை ஏற்கெனவே ஓரளவு அடக்கிவிடுவதால் அவர்களுக்கு மிச்சம் இதைவிடக் குறைவு. அவர்களும் முதல் விசிலோடு அடுப்பை அணைத்துவிட்டுக் குக்கரைப் போர்த்தி வைக்கலாம். பருவநிலை மாற்றத்தை இந்த ஒரு பெட்டி தடுத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. மின்சாரம் எதிலிருந்து வருகிறது, பேருந்து ஓடுகிறதா, வீட்டுக்கூரை வெயிலை எப்படி வாங்குகிறது என்பவையெல்லாம் இதைவிடப் பெரிய கேள்விகள். ஆனால் அரசாணைக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை இது.

தொடங்குபவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது ராஜ்மா. அதில் இயற்கையாகவே இருக்கும் லெக்டின் என்ற நச்சு, தளதளவென்று பத்து நிமிடமாவது கொதித்தால்தான் அழியும். 80 டிகிரியிலேயே வெகுநேரம் கிடந்தால் நச்சுத்தன்மை கூடவும் செய்யலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிடாமல் ராஜ்மாவைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. இரண்டாவது, நேரம். சோற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் விழித்துப் பெருக ஆரம்பிக்கும். காலையில் வைத்த சோற்றை இரவு வரை பெட்டியில் விட்டுவைப்பது ஆபத்து.

பள்ளி ஆய்வுக்கூடங்களில் 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி இருக்கும். ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒன்றை மேசைமேலும் மற்றொன்றை உமிப் பெட்டிக்குள்ளும் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை சூட்டைக் குறித்து வரைபடம் போடச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே நியூட்டனின் குளிர்தல் விதியைத் தங்கள் தாளில் பார்ப்பார்கள். பெட்டியை அடிக்கடி திறந்தால் அளவு கெட்டுவிடும். மூடியில் ஒரு துளை போட்டு, வெப்பமானியைச் செருகி, சுற்றிலும் பஞ்சால் அடைத்துவிடுவது நல்லது. நான்கு மணி நேரத்தில் சூடு 60-க்குக் கீழே போய்விட்டால் முதலில் மூடிப் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் சந்து விட்டிருக்கும். அதை அடைத்தும் போதவில்லை என்றால் சுற்றிலும் உமியை இன்னும் இரண்டு விரல் கனத்துக்குக் கூட்டிவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம்.